திருட்டுக் காற்று

கோலார் தங்க வயலில் பொழுது விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் விழித்துக்கொள்கின்றன. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை சந்துகளிலிருந்து ஸ்டேஷனுக்கு விரையும் வண்டிகளில் அப்பா காலத்து யெஸ்டியும் இருக்கும். பணக்காரருக்கு அது அலங்காரப் பொருள். புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாதவருக்கு அதுதான் வாகனம்.

யெஸ்டி கர்நாடகத்துப் பிள்ளை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் ஜாவாவில் தொடங்கி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகளை உருட்டிவிட்டது. 1996-ல் கதவை மூடியது. உதைக்கிற லீவரே கியர் லீவராகவும் வேலை செய்யும் விநோத வண்டி. 2022-ல் அதே பெயரில் மீண்டும் வண்டிகள் வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக், வேறு வம்சம்.

பழைய வண்டிக்கு வரும் நோய்களில் மிகவும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் கத்தும். சிக்னலில் நின்றால் ஒரு நிமிடம் உறுமும், மறு நிமிடம் அணையும். காலையில் சோக் இழுத்தால்தான் ஒழுங்காக ஓடும். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருக்கும். “ஏர் இழுக்குது” என்பார் மெக்கானிக்.

கார்புரேட்டர் ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று என்ற கணக்கில் கலந்து அனுப்புகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு பேக்கிங் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று அந்த வழியாக நுழைந்துவிடும். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது உறிஞ்சல் பலமாக இருப்பதால் கோளாறு அப்போதுதான் அதிகம் தெரியும். வேகத்தில் போகும்போது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. 3,000 மீட்டருக்கும் ஆழத்தில், காற்று எந்த வழியாக வர வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதில் பலர் செய்யும் காரியம், ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கைக் குறைப்பது. சத்தம் அடங்கும், ஓட்டை அப்படியே இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் புல்லட்டுக்கு ஆயில் தனி என்பதால் அது சூட்டோடு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். யெஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனுக்கான ஆயிலே பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஜாம் ஆகும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். காகித பேக்கிங் ஒன்றுக்குச் சில ரூபாய் செலவழிக்காதவர், போர் அடித்துப் புது பிஸ்டன் போட ஆயிரக்கணக்கில் தேட வேண்டிவரும், ஆஸ்பத்திரிச் செலவு வராமலிருந்தால்.

கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் இன்ஜின் கத்தினால் குற்றவாளி கேபிள்தான். ஜெட் அடைப்பும் பிளக்கை வெளுக்க வைக்கும், அதையும் ஊதிவிடலாம். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் நீர் உள்ளே இழுபடும். ஒரு கணம் இன்ஜினின் குரல் மாறும். இதையே பெட்ரோல் ஊற்றிப் பார்க்கும் வீரர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

யெஸ்டியில் பெரும்பாலும் அகப்படுவது கார்புரேட்டரின் அடித்தட்டு. இரண்டு நட்டுகளையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கி முறுக்கி அதன் காதுகள் வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, தட்டை எட்டு வடிவத்தில் தேய்த்தால் சமமாகும். புது பேக்கிங் போட்டு, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிலிக்கான் பசை வேண்டாம். பெட்ரோலில் அது இளகித் துணுக்குகளாக உள்ளே போகும். ஆர்.எக்ஸ். 100 என்றால் ரப்பர் மூட்டை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். அதை ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் தீரவில்லை என்றால் சந்தேகம் கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் மீது திரும்ப வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கேஸ் ஆயிலையும் உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். மறுபக்கம் போனால் புகையே இருக்காது, அதனால்தான் அது ஆபத்து. சோப்புத் தண்ணீர் அங்கே எட்டாது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அளவு காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

வேலை முடிந்ததும், முன்பு தாறுமாறாகத் திருகிய ஸ்க்ரூக்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பங்காருப்பேட்டை வரை ஒரு நடை ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். காப்பிப் பொடி நிறம் என்றால் நாளை ரயிலுக்கு அந்த வண்டியிலேயே போகலாம்.