விடிகாலை நாலு மணி ஹனாமி

மார்ச் கடைசியில் டோக்கியோ பூக்கும். எண்ணி ஒரு வாரம். மழை அடித்தால் அதுவும் இல்லை. சகுரா மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, கூடி உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே பூப் பார்ப்பதற்கு ஹனாமி என்று பெயர். நிஷிகசாயில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாங்களும் அராகாவா ஆற்றங்கரையில் கொமத்சுகாவாவுக்குப் போவோம். அங்கே ஆயிரம் மரம்.

முதல் மூன்று வருட ஹனாமியில் எனக்கு நினைவிருப்பது பூ அல்ல, புளியோதரை. நாலு மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் தனியாக ஒன்று. இருபது பேருக்குத் தட்டு, தண்ணீர், ஊறுகாய். ஆண்கள் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தார்கள். நாங்கள் பரிமாறினோம். "லேடீஸும் உக்காருங்களேன்" என்றார் ஒருவர், கரண்டியை வாங்காமல்.

பக்கத்துப் பாயில் ஒரு ஜப்பானியக் குடும்பம். அடுக்குப் பெட்டியில் சுருட்டிய முட்டை, பொரித்த கோழி, அச்சில் வார்த்ததுபோல் சோறு. அழகாக இருக்கிறதென்று என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். அந்த அம்மா ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து மணிக்கு எழுந்தாராம். நான் நாலு விரலைக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஆண்கள் ஜப்பானைப் புகழ்ந்து ஓய்வதில்லை: ரயில் நேரம், தெருச் சுத்தம். இங்கே கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். தன் பெயரை விடுபவர் நூற்றுக்கு ஏறக்குறைய 95 மணங்களில் பெண்தான். இதைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சென்னையில் ஆறு வருடம் மென்பொருள் சோதனை செய்தவள் நான். இங்கே என் அட்டையில் இருப்பது 'குடும்பத் தங்கல்'. தனி அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். புளியோதரைக்கு அந்த வரம்பு கிடையாது, தோழி.

"ஒரு நாள்தானே, ஆசையாத்தானே செய்யறோம்" என்பாய். செய்யாமல் இருந்து பார். அது ஆசையா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நாலாவது வருடம் குழுவில் எழுதினேன்: "இந்த முறை எங்க வீட்லேர்ந்து சாப்பாடு வராது." ஒரு நாள் முழுக்க ஒருவரும் பேசவில்லை. பிறகு ஓர் அக்கா எழுதினார்: "எங்க வீட்லேர்ந்தும்."

அன்று ஆண்கள் மூலைக்கடையில் வாங்கிவந்த சோற்று உருண்டைகளில் பாதிக்குள் மீன் இருந்தது. இரண்டு பேர் பசியோடு முணுமுணுத்தார்கள். நான் பாயில் மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு கொத்து கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. முகர்ந்து பார்த்தேன். இந்தப் பூவுக்கு வாசனை ஏறக்குறைய இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.