அலைக்கு மட்டக்களப்பு வழி தெரியாதா?

தோற்ற கட்சிக்காரர் எழுதும் கட்டுரைக்கு ஒரு வசதி உண்டு. குற்றவாளிக் கூண்டில் வாக்காளரை ஏற்றிவிடலாம். அவர் எழுந்து பதில் சொல்ல மாட்டார். தமிழரசுக் கட்சியின் நெடுநாள் அனுதாபியான நண்பர் ஒருவர் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் வீட்டுச் சின்னம் அடிவாங்கியதற்கு அவர் காட்டும் காரணங்கள் இரண்டு: ஜனாதிபதி அநுரவின் அலை, அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளரை நிறுத்தியவர்கள் செய்த பிரிவினை. தலைமையில் குறை எதுவும் இல்லையாம், மக்கள்தான் ஏமாந்துவிட்டார்களாம். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 'திருந்தி'யும் விட்டார்களாம்.

அவர் கூண்டில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். திருகோணமலையில் என் இடம், பதிவேட்டில் ஓர்ஸ் ஹில், எங்கள் வாயில் உவர்மலை. அங்கிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் அலை. அது அடித்தது உண்மை. 159 ஆசனங்களை அள்ளிய அலையை இல்லை என்று சொல்ல நான் குருடனல்ல. ஆனால் அந்த அலை மட்டக்களப்புக்கு மட்டும் வழி தெரியாமல் நின்றுவிட்டதா? நாடு முழுவதும் அநுரவின் தேசிய மக்கள் சக்தி தோற்ற ஒரே மாவட்டம் அதுதான். 2020-இல் 79,460 வாக்குகள் எடுத்த வீடு, அலை அடித்த வருடத்தில் அங்கே 96,975 எடுத்தது. இரண்டு ஆசனம் மூன்றானது. அங்கே எதிரணியில் நின்ற பிள்ளையான் மீதிருந்த கோபமும் அதில் ஒரு பங்கு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் பாராளுமன்றத்தில் பேசியதை ஊருக்கு வந்தும் சொல்லும் ஒரு முகம் அங்கே இருந்தது. அந்த முகமான சாணக்கியனுக்கு விழுந்த 65,458 விருப்பு வாக்குகள் அலையில் ஒதுங்கிய சிப்பிகள் அல்ல.

யாழ்ப்பாணத்துக் கணக்கையும் நண்பர் பார்க்கட்டும். 2015-இல் 207,577 வாக்குகள், ஐந்து ஆசனங்கள். 2020-இல் 112,967, மூன்று ஆசனங்கள். 2024-இல் 63,327, ஒரே ஒரு ஆசனம். பெரிய சரிவு எப்போது நடந்தது? 2015-க்கும் 2020-க்கும் இடையில். அப்போது அநுரவுக்கு அங்கே அலையும் இல்லை, நுரையும் இல்லை. 2016-க்குள் தீர்வு என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் சம்பந்தன் ஐயா நம்பிக்கை தந்தார். அது நடக்காமல் போனது அவர் ஒருவரின் குற்றமல்ல. ஆனால் ஏன் நடக்கவில்லை என்ற விளக்கம், வாக்குறுதி வந்த வேகத்தில் ஊருக்குள் வரவில்லை. ஓட்டை அப்போதே விழுந்துவிட்டது. 2024-இல் வந்த அலை அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே புகுந்தது.

அடுத்தது பிரிவினை. நண்பரே, எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் வீடும் சங்கும் பிரியவில்லை. கூட்டமைப்பின் முன்னாள் பங்காளிக் கட்சிகளும் சேர்ந்து ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்திலேயே போட்டியிட்டன. முடிவு? 2020-இல் 39,570, 2024-இல் 34,168. ஒற்றுமையாய் நின்றும் ஐயாயிரத்துக்கு மேல் குறைந்ததே, அதைப் பிரித்துக்கொண்டு போனவர் யார்? சங்குச் சின்னக்காரர் மீது பழிபோட உங்களுக்கு இங்கே வழியே இல்லை.

உண்மையான பிரிவினை வீட்டுக்குள்ளேயே நடந்தது, அதுவும் எங்கள் ஊரில். 2024 ஜனவரி 21 அன்று, கட்சி வரலாற்றில் முதல் தடவையாகத் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவுசெய்தார்கள். சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. இந்தக் கட்சிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மாதம் முடிவதற்குள் விவகாரம் நீதிமன்றம் ஏறியது, மாநாடு நின்றது. தெரிவான தலைவர் கதிரையில் உட்காரவில்லை. பழைய தலைவர் மாவை சேனாதிராஜா கதிரையை விட்டு எழும்பவும் முடியவில்லை. ஜூன் 30-இல் சம்பந்தன் ஐயாவும் காலமானார். செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, மத்திய குழு வவுனியாவில் கூடி, டெலிபோன் சின்னத்தில் நின்ற சஜித் பிரேமதாச என்றது. தெரிவான தலைவரோ சங்குச் சின்னத்தில் நின்ற பொது வேட்பாளர் அரியநேத்திரன் என்றார். அந்த அரியநேத்திரனும் இதே கட்சிக்காரர்தான்! தேர்தல் முடிந்து ஒக்டோபரில் மாவையும் பதவி விலக, நிலையான தலைவர் இல்லாமலேயே கட்சி பொதுத் தேர்தலுக்குப் போனது.

இதையெல்லாம் தலைமையின் குறை என்று சொல்லக் கூடாதாம். அப்படியானால் எதைச் சொல்வது, கிரக தோஷம் என்றா?

செப்டம்பர் 21 காலை, வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா என்னை மறித்தார். கையில் அடையாள அட்டை, தலையில் வெயிலுக்குப் போட்ட சேலைத் தலைப்பு. "தம்பி, நம்மட வீட்டுக்காரர் இந்த முறை டெலிபோனா, சங்கா?" வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கே புள்ளடி போட்ட கை அது. "உங்கட மனசுக்குப் பட்டதைப் போடுங்கம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

நண்பரின் கட்டுரையில் 'ஏமாந்த மக்கள்' என்று வரும் இடமெல்லாம் எனக்கு அந்தப் பார்வைதான் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மா ஏமாறவில்லை. கேட்டார், யாரும் பதில் வைத்திருக்கவில்லை. யாழ் மாவட்டத்தில் செப்டம்பரில் அநுரவுக்கு விழுந்தவை 27,086 வாக்குகள். 54 நாள் கழித்து அவருடைய கட்சிக்கு 80,830. அந்த 54 நாளும் அவர்கள் மக்களோடு பேசினார்கள். வீட்டுக் கட்சியினர் வேட்பாளர் பட்டியலை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

'மே மாதத்தில் மக்கள் திருந்திவிட்டார்கள்' என்பதுதான் கட்டுரையின் உச்சம். உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வீடு மறுபடி முதலிடம் பிடித்தது, சரி. ஆறே மாதத்தில் திரும்பி வருகிறவர் ஏமாளியா? வட்டாரத் தேர்தலில் வேட்பாளர் பக்கத்துத் தெருக்காரர். கூப்பிட்டால் வருவார், கேட்டால் பதில் சொல்வார். தலைவர் யார் என்று தெரியாமலே அவருக்குப் போடலாம். அந்தத் தேர்தலையும் பதில் தலைவர், பதில் செயலாளர் என்று இரண்டு 'பதில்'களோடுதான் கட்சி சந்தித்தது. பதவிப் பெயரில் இருந்த பதில் மேடையில் இருந்ததா? மே முடிவு தலைமைக்கு நற்சான்றிதழ் அல்ல. தலைமை இல்லாமலே அந்த வட்டாரப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தவணை.

1956 ஓகஸ்டில் இதே கட்சி திருமலை யாத்திரை என்று வடக்கு கிழக்கு ஊர்களிலிருந்து கால்நடையாக இங்கே வந்தது. வழிநெடுகச் சனத்தோடு பேசி, மாநாட்டில் கோரிக்கைகளை வைத்து, அரசுக்கு ஒரு வருடத் தவணை கொடுத்தது. அன்று கைத்தொலைபேசி இல்லை, முகநூல் இல்லை. கட்சி என்ன கேட்கிறது என்பது மட்டும் குடிசைக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த கட்டுரையை நண்பர் எழுதுமுன் ஒருமுறை உவர்மலைக்கு வரட்டும். நடந்து வரச் சொல்லவில்லை, பஸ்ஸிலேயே வரலாம். அந்த அம்மாவின் ஒழுங்கையை நான் காட்டுகிறேன். 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அதற்கு முன், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கொண்டுவரட்டும்.