புது முட்டி எத்தனை வருஷம் தாங்கும்?

புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து ஒரு மருமகள் கடிதம் எழுதியிருக்கிறார். மாமியாருக்கு வயது 66. சிறு வயதில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியே கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டதாம். பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முட்டியை மாற்றிவிடலாம்" என்கிறார்களாம். வீட்டிலும் லயத்திலும் ஆளுக்கொரு பேச்சு. "பத்து வருஷத்தில் கழன்றுவிடும்" என்கிறார் ஒருவர். "இரும்புதானே, கட்டை வேகும்வரை இருக்கும்" என்கிறார் இன்னொருவர். "விலை கூடியது போட்டால்தான் நிற்கும், அதற்குத் தனிக் காசு" என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எது உண்மை என்று கேட்டிருக்கிறார் அந்த மருமகள்.

இந்தக் கேள்வி நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக வாணிக அளவில் செம்பனை நடப்பட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. வேலை மட்டும் மாறவில்லை. குலை கீழே விழுந்து சிதறினால், குந்தி உட்கார்ந்து பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்க வேண்டும். நாளெல்லாம் குந்துவதும் பாரம் தூக்குவதும் முட்டியின் குருத்தெலும்பைத் தேய்க்கும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆக, வயதானதால் மட்டும் வந்த வலி என்று நம் தாய்மார்களின் முட்டி வலியைத் தள்ளிவிட முடியாது.

சரி, உள்ளே என்னதான் வைக்கிறார்கள்? முழு எலும்பையும் எடுத்துவிட்டு இரும்புக் காலை வைப்பதாகப் பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தேய்ந்த பாகத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் நுனிக்குக் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தில் ஒரு தொப்பி. கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் துண்டு. பெரும்பாலும் எலும்புச் சிமெண்டு என்னும் பசையால் இவற்றை ஒட்டுகிறார்கள். நடக்க நடக்க முக்கியமாகத் தேய்வது அந்தப் பிளாஸ்டிக்தான். தேய்ந்த துகள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகிச் சுற்றிலும் படியும். உடம்பு அந்தப் பொடியோடு சண்டை போடப்போய்த் தன் எலும்பையே அரித்துக்கொள்ளும். பிடிமானம் தளரும், முட்டி ஆடத் தொடங்கும். பல வருஷம் நன்றாக இருந்த முட்டி கெடும் வழிகளில் இது ஒன்று.

பழைய முட்டிகள் சீக்கிரம் கெட்டது உண்மை. 1950களில் கதவுக் கீல் போன்ற முட்டிகளைப் பொருத்தினார்கள். மனித முட்டியோ மடங்கும்போது கொஞ்சம் உருளும், கொஞ்சம் திரும்பும். கீலுக்கு அது தெரியாது. எலும்பைப் பிய்த்துக்கொண்டு தளர்ந்தது. 1974இல் நியூயார்க்கில் வந்த புது அமைப்புதான் நிலைமையை மாற்றியது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத். பிரதமர் வாஜ்பாயிக்கு 2000இல் ஒரு முட்டியையும் 2001இல் மறு முட்டியையும் மும்பாய் சென்று மாற்றியவர் இவரே. வாஜ்பாய்க்கு அப்போது 75 வயதுக்கு மேல். அந்த முட்டிகளோடு 2004 வரை பிரதமராக இருந்தார். 2018இல் 93ஆம் வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் நோயில் படுத்துவிட்டார், ஆகையால் அவரை வைத்து முட்டியின் ஆயுளைக் கணக்கிட முடியாது. அந்த வயதிலும் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்பதற்கு மட்டும் அவர் சாட்சி.

ஆயுள் கணக்குக்கு வேறு இடம் போகவேண்டும். சுவீடன் நாட்டில் 1975 முதல் முட்டி மாற்றிக்கொண்டவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். பிறகு மற்ற நாடுகளும் தொடங்கின. 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பதிவேடுகளை ஆராய்ந்து கணக்கை வெளியிட்டார்கள். முழு முட்டி மாற்றியவர்களில் 100க்கு 93 பேருக்கு 15 வருஷம் கழித்தும் மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. 20 வருஷத்தில் 90 பேர். 25 வருஷத்தில் 82 பேர். பத்து வருஷத்தில் கழன்றுவிடும் என்ற பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டுமா? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறு ஆபரேஷன் இல்லை என்றால் வலியே இல்லை என்று பொருள் ஆகாது. மாற்றிய பிறகும் கொஞ்சம் வலியோடு காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. தவிர, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய மக்கள்.

முட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதி முட்டி மட்டும் மாற்றுவது உண்டு. காயம் சிறியது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆபத்தும் குறைவு. ஆனால் அதே கணக்கில் 25 வருஷம் தாங்கியது 100க்கு 70தான். மீதிப் பாதி பின்னால் தேய்வதும் ஒரு காரணம். இந்த வகையை அடிக்கடி செய்து கைப்பழக்கம் உள்ள மருத்துவரிடம் பலன் நன்றாக இருக்கிறது. கால் வில்லாக வளையும் அளவுக்குத் தேய்ந்த மாமியாருக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முழு முட்டியே சொல்வார்கள்.

இனி அந்த விலை கூடிய முட்டி. நடுப் பிளாஸ்டிக் சுழலும் வகை, சிமெண்டு இல்லாமல் எலும்பே வளர்ந்து பிடிக்கும் வகை, அதிகம் மடங்கும் வகை, தனி உலோகப் பூச்சு வகை என்று பட்டியல் நீளும். சுழலும் வகை தேய்வைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பதிவேடுகளில் சாதாரண வகையைவிட அது நீடிக்கவில்லை. சிமெண்டு இல்லாத வகையில் பழைய மாடல்கள் சில ஏமாற்றின. இப்போதையவை சாதாரண வகைக்கு இணையாக நிற்கின்றன. அதிகம் மடங்கும் வகையால் கால் உண்மையில் பெரிதாகக் கூடுதல் மடங்கியதாகவும் தெரியவில்லை. "30 வருஷ முட்டி" என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. அது ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் ஆட்டிப் பார்த்த கணக்கு. மனிதர் நடந்து பார்த்த கணக்கு அன்று. சென்னைக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முட்டிக்கு உச்சவிலை விதித்தது. சராசரி 1,58,324 ரூபாய்க்கு விற்ற சாதாரண வகை 54,720 ரூபாயாக இறங்கியது. இத்தனை நாள் கூடுதலாகக் கொடுத்தது எதற்காக என்று அங்கே பலரும் கேட்டார்கள். கைப்பழக்கமுள்ள மருத்துவர் பல ஆண்டு போட்டுப் பழகிய சாதாரண முட்டியே போதும் என்பது என் கருத்து. கூடுதல் விலையைக் கடன் வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை.

வகையைவிட வயது பெரிய விஷயம். 2017இல் வெளிவந்த ஓர் ஆங்கில ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் ஆயுளுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்படுவது 100க்கு 5 பேர் அளவுதான். ஐம்பதின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது 35 வரை போகிறது. ஆகவே 50 வயதுக்காரர் மாத்திரை, பயிற்சி, எடை குறைப்பு என்று தள்ளிப்போட முடிந்தால் நல்லது. 66 வயதில் கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கும் மாமியாரைக் காத்திருக்கச் சொல்வதில் லாபமில்லை. மறு ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், எலும்பும் குறைந்திருக்கும், அதன் ஆயுளும் குறைவு. அந்தப் பயம் இளையவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

தேய்வுக்கு முன்னாலேயே முட்டியைக் கெடுப்பது கிருமி. 100க்கு ஒருவர் இருவருக்கு இது வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையை இறக்கச் சொன்னால் அதை வீம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலில் புண், சொத்தைப் பல் இருந்தால் முன்னதாகவே காட்டி ஆற்றிக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பின் உருவிவிடுபவரை அழைத்து முட்டியை மடக்கச் சொல்லாதீர்கள். அதற்கு மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவர் இருக்கிறார். குந்தும் கழிவறை உள்ள வீட்டில், ஆபரேஷனுக்கு முன்பே உட்காரும் கழிவறையோ ஓட்டை நாற்காலியோ ஏற்பாடு செய்துவிடுங்கள். பாய் விரித்துச் சப்பணமிட்டுச் சாப்பிடுவதை அம்மா விட்டுவிட வேண்டியதுதான். கஷ்டம்தான், ஆனால் நடுப் பிளாஸ்டிக்கைப் பிழியும் வேலை அது. நடக்கலாம், பூசைக்கு நிற்கலாம், வாசலில் காய்கறி போடலாம்.

காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினாலும், காயத்தில் நீர் வடிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வருஷக் கணக்கில் நன்றாக இருந்த முட்டி திடீரென்று வலித்தாலோ, ஆடினாலோ, படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

காசு விஷயம். கிள்ளான், சுங்கை பூலோ, செலாயாங் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் ஆபரேஷன் கட்டணம் சிறிதுதான்; உள்ளே வைக்கும் உபகரணத்துக்குத்தான் வெள்ளி கட்டச் சொல்வார்கள். கையில் இல்லை என்றால் அங்கேயே மருத்துவச் சமூக நல அதிகாரியைப் பாருங்கள். தாபோங் பந்துவான் பெருபாதான் என்ற நிதி உண்டு. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு மருத்துவ உபகரண உதவி 20,000 வெள்ளி வரை உண்டு. மனுவை மருத்துவமனையே அனுப்பும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, அரசாங்க உதவித்தொகை பெறும் ஆதாரம் இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. முட்டிப் பெட்டியில் மாடல் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அம்மாவின் மருத்துவப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள். எக்சாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம், காற்றைச் சரியாகத் தடுக்காத பையில் அடைத்த பிளாஸ்டிக் துண்டுகளை 2021, 2022ஆம் ஆண்டுகளில் திரும்பப் பெற்றது. காற்றுப்பட்ட பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும் என்பதே காரணம். அப்போது தங்கள் முட்டி அந்த வகையா என்று தெரிந்துகொள்ள உதவியது அந்த எண்தான்.