விறகாகுமுன் ஒரு யோசனை

2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலில் தென்னையோடு பலாவும் மாவும் புளியும் வேரற்று விழுந்தன. நிலத்தை விரைவில் துப்புரவு செய்தாக வேண்டிய குடியானவர் பலர், தலைமுறை கண்ட மரங்களை விறகு விலைக்கே தள்ளினர். அவசரத்தில் விற்பவனுக்குப் பேரம் பேசும் வலிமை ஏது? அத்தகையோருக்குத் துணை நிற்பதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது?

மர அறுவைக்காரர் நீண்டு நேரான அடிமரத்தையே விரும்புவார். கவட்டையும் முண்டும் வளைந்த கிளையும் அடுப்புக்குப் போகின்றன. ஆனால் ஓய்வு நேரத்தில் மரவேலை பழகும் அன்பர்கள் நாடுவது அவற்றைத்தான். புளியின் கருஞ்சிவப்பு வைரம், பூவரசின் செம்பழுப்பு, நாளடைவில் மஞ்சள் மாறிப் பழுப்பேறும் பலா ஆகியவை கடைப் பலகையில் கிட்டா. பல்லாங்குழி, கரண்டி, சிறு பேழை செய்யக் கைப்பிடித் துண்டே போதும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடையப்படுவதை யாவரும் அறிவர். பலாமரச் சிராயும் வீணன்று. பௌத்த பிக்குகளின் ஆடைக்கு மஞ்சள் ஏற்றியது அதுவே. நம் நெசவாளர் இதனைக் கருதுவாராக.

ஆதலால் என் யோசனை இது. விழுந்த மரத்தைச் சங்கம் ஏற்று, விறகு விலையை உடனே முன்பணமாகத் தர வேண்டும். பலகையாக்கி விற்றபின், செலவு போக மீதியை மரத்துக்குரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வெட்டுமுகத்தில் மெழுகு பூசினால் வெடிப்பு குறையும். பலகைகளுக்கிடையே சிறு சட்டங்கள் இட்டு, தரையில் படாது, நிழலில் காற்றோட்டமாக அடுக்குக. ஓரங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

“பொழுதுபோக்குக்குச் சங்கப் பணமா? ஓராண்டு முடங்குமே!” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எனவே முதலில் இரண்டொரு மரங்களோடு தொடங்குக. பேரவையின் தீர்மானம் பெறுக. துணைவிதி இடந்தராவிடில் திருத்துக. மரத்தின் வகை, உடையவர் பெயர், அறுத்த நாள் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்திடுக. ஆய்வுக்கு வரும் என் போன்றோர் முதலில் கேட்பது அதனைத்தான். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் விழுந்தவை நம்முடையவை அல்ல. சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு ஆகியவற்றைத் தொடுமுன் வனத்துறையினரைக் கேட்டறிதல் அவசியம்.

மரத்தை இழந்தவனுக்கு மரம் திரும்பப் போவதில்லை. அதன் மதிப்பேனும் அவன் கைக்கு வந்து சேரட்டும். அடுத்த புயலுக்கு முன்பே ஒரு கொட்டகையும் ஒரு பதிவேடும் ஆயத்தமாயின், அதுவே நம் சங்கங்களுக்குப் பெருமை.