பத்த வச்சுட்டு ஓடாதீங்க!

சரவெடித் திரியில் நெருப்பு வைத்ததும் ஓட்டமெடுப்பது சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத வித்தை. பட்டாசுக்கு அது சரி. ஒரு நண்பனுக்கு 'கேன்சர்' என்று சேதி வந்தாலும் பலபேர் இதையேதான் செய்கிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஒருநாள் ஆஜர். 'ஒண்ணும் ஆகாது மாப்ள!' என்று ஒரு டயலாக். அத்தோடு ஆள் மாயம்! கல்நெஞ்சு இல்லை ஸார், என்ன பேசுவதென்று தெரியாத கூச்சம். ஆனால் படுத்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனைதான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் ஆனது. 1954 ஜூனில், நம்ம விருதுநகர் காமராஜர் முதல்வரான இரண்டே மாதத்தில், 12 படுக்கைகளோடு திறந்தார்கள். 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் கண்மூடும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாம் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வரக்கூடாதா?

'என்ன உதவி வேணும்னாலும் கேளு' என்பது கேட்க அழகு. யாரும் கேட்கமாட்டார்கள். 'வியாழக்கிழமை நான் வர்றேன், அம்மா போய்த் தூங்கட்டும்' என்பதுதான் உதவி.

இன்னும் இருக்கிறது. கீமோ பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். காலண்டர் அடிக்கிற ஊர்க்காரர், ஒன்றை மாட்டி தேதிகளைச் சுழித்து வையுங்கள். சென்னைக்குப் பொதிகையில் போகவேண்டுமா? ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போகிறவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. க்யூவில் நிற்க உங்கள் கால் போதும். பிளேட்லெட் ஐந்தே நாள்தான் தாங்கும், ஸ்டாக் வைக்க முடியாது. ஆபீஸில் ஆரோக்கியமான நாலு பேரைத் தயாராக வைத்திருங்கள்.

சில எச்சரிக்கைகள். கீமோ நாட்களில் எதிர்ப்புசக்தி குறையும். ஜலதோஷமா? போன் போதும், நேரில் போகாதீர்கள். அவனுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைக்காமல் உடனே டாக்டருக்குத் தகவல் சொல்லவேண்டும். வாய்ப்புண்ணோடு இருப்பவன் முன்னால் சாத்தூர் காராச்சேவைக் கொறிப்பது மகாபாவம். 'எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்...' என்று ஆரம்பிப்பவரை வாசலிலேயே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 'அந்த மூலிகையைக் குடி, கீமோவை நிறுத்து' என்பவருக்கு டீயும் வேண்டாம்.

மற்றபடி, பழையபடி பேசுங்கள். ஆபீஸ் வம்பு, மேனேஜரின் புது விக், ரஜினியா கமலா சண்டை எல்லாம் ஓடட்டும். அவன் அழுதால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அறிவுரை வேண்டாம்.

சிகிச்சை முடிந்து, நாக்கில் ருசி திரும்பி, டாக்டரும் தலையாட்டினால் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்குக் கூட்டிப்போங்கள். பில் உங்களுடையது!