அழுத்த அறையும் ஆராயப்படாத இதயமும்

நாள்பட்ட எலும்புத் தொற்றுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பரிந்துரைக்கப்படும்போது செவிப்பறையைச் சோதிக்கிறோம், நுரையீரலைப் படமெடுக்கிறோம். இதயத்தை மட்டும் ஒரு கேள்வியோடு விட்டுவிடுகிறோம். மும்பையில் நான் அண்மையில் படித்த ஒப்புதல் படிவம் ஒன்றில் இதயத்துக்கென இருந்தது ஒரே வரி: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? (அதுவும் ஆங்கிலத்தில். அது தனியே எழுத வேண்டிய பொருள்.)

இரும்பேணி வழியே மாடியறைக்கு ஏறி இறங்கும் தாராவிவாசிகளிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பாத எலும்பு சீழ்பிடித்து ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு நகராதவர் எந்தப் படியில் ஏறி மூச்சு வாங்கப்போகிறார்? ‘இல்லை’ என்றே எழுதுவார், அது பொய்யுமன்று. நீண்டகால நீரிழிவு நரம்புகளைத் தாக்கியிருந்தால் நெஞ்சுவலிகூட அவருக்குத் தெரியாமற் போகலாம்.

சிகிச்சையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. சீழ்பிடித்த எலும்பில் இரத்த ஓட்டம் குன்றி ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்திருக்கும். நியூட்ரோபில்கள் கிருமியைக் கொல்வதற்கும், அமினோகிளைக்கோசைடு மருந்துகள் கிருமிக்குள் புகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தத்தில், நாளுக்குச் சுமார் 90 நிமிடம், 20 முதல் 40 அமர்வுகள். அறுவையும் ஆண்டிபயாடிக்கும் பலனளிக்காத இடத்தில் இது துணைச் சிகிச்சை. சான்றுகள் பெரும்பாலும் சிறு நோயாளித் தொகுதிகளிலிருந்து வந்தவை என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்ளல் நலம்.

ஆனால் அதே ஆக்சிஜன் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயம் எதிர்த்துத் தள்ளவேண்டிய சுமை கூடுகிறது. துடிப்பின் வேகமும் வெளியேறும் இரத்தத்தின் அளவும் குறைகின்றன. திடமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். இடது கீழறை தளர்ந்த இதயம் தடுமாறும். வீவர், சர்ச்சில் இருவரும் 2001இல் ‘செஸ்ட்’ இதழில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினர். மூவருக்கும் இச்சிகிச்சையை ஒட்டி நுரையீரலில் நீர் கோத்தது, ஒருவர் இறந்தார். மூவருக்கும் வெளியேற்ற விகிதம் முன்பே குறைந்திருந்தது. இருவர் நீரிழிவு நோயாளிகள். மூன்று பேர் என்பது சிறிய எண்தான். எனினும் நம் எலும்புத் தொற்று நோயாளிகளுள் பலர் அதே சாயலினர்: பாதத்தில் அடைபட்ட குழாய்க்கும் நெஞ்சில் அடைபட்ட குழாய்க்கும் நோய் ஒன்றே. போதாததற்கு, வாரக்கணக்கில் சலைனோடு ஏறும் ஆண்டிபயாடிக்குகள் உடலில் உப்பையும் நீரையும் கூட்டுகின்றன.

அழுத்த மருத்துவம் பெரிதும் ஆழ்கடல் மூழ்குவோரிடத்தில் வளர்ந்த துறை. மும்பையிலும் கொலாபாவின் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி வளாகத்திலுள்ள கடற்படை மருத்துவ நிறுவனம் அம்மரபைச் சேர்ந்ததே. காதும் நுரையீரலும் முதலில் சோதிக்கப்படுவது இளம் மூழ்குவோருக்குப் பொருந்தும். அறுபது வயது நீரிழிவு நோயாளிக்கு அது போதாது.

ஆகவே முதல் அமர்வுக்கு முன் ஒரு எக்கோ கட்டாயமாக வேண்டும். நாற்பது அமர்வுகளின் செலவில் அது மிகச் சிறு பங்கு. விகிதம் குறைந்திருந்தால் சிகிச்சையை மறுக்கவேண்டும் என்பதில்லை. முதலில் இதயத்துக்கு மருந்து கொடுத்து, நீரைக் குறைத்து, இரத்த அழுத்தத்தையும் இ.சி.ஜி.யையும் கண்காணித்தபடி உள்ளே அனுப்பலாம்.

சயானிலும் செம்பூரிலும் ஆய்வுத் தலைப்பு தேடும் முதுநிலை மாணவர்கள் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம்: அழுத்த அறைக்கு அனுப்பப்பட்ட எலும்புத் தொற்று நோயாளிகளுள் எத்தனை பேரின் கோப்பில் எக்கோ அறிக்கை இருக்கிறது?