தோளுக்கேற்ற துப்பாக்கி

பையன் வளர்ந்துவிடுவான் என்று சட்டையைப் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். துப்பாக்கியில் அந்தச் சிக்கனம் உதவாது. கனத்த துப்பாக்கி தோளில் உதைக்கும். நாலு உதை வாங்கியவன் ஐந்தாம் முறை விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக்கொள்வான். அந்தப் பழக்கம் லேசில் போகாது. 1972 சட்டத்துக்குப்பின் இங்கே வேட்டை ஓய்ந்து, காகித இலக்கைச் சுடும் ஏர் ரைஃபிள் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஜிம் கார்பெட் சிறுவயதில் தூக்கித் திரிந்தது, மருந்து கெட்டித்துச் சுடும் பழைய இரட்டைக் குழல். அதிலும் ஒரு குழல் பிளந்தது. கிடைப்பது ஒரே வெடி. நிதானம் தானாக வந்தது. பிற்காலத்தில் புலிக்கென்று கனமான .450/400 வைத்திருந்தார். ஆனாலும் 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியது, மலையேறச் சுமக்க லேசான .275 ரிக்பிதான். (என் ஓட்டும் அதற்கே.)

சம்பாவத் பெண்புலியை 1907இல் கொன்றதற்குப் பரிசாக வந்த துப்பாக்கி அது. புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எவரோ குறிதவறிச் சுட்ட பழைய குண்டு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடி வந்தது என்று கார்பெட் எழுதுகிறார். பலியானவர்கள் 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு.